கணக்கையும் கம்ப்யூட்டரையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பது எப்படி

பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த பிள்ளைகள் சி புரோகிராமிங்கை 'அதுவும் ஒரு பேப்பர்' என்று ஓரங்கட்டுகிறார்கள். பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவர்களோ கணம், தர்க்கம், எண்ணிக்கை என்று போகும் டிஸ்கிரீட் மேத்ஸ் புத்தகத்தைத் திறந்ததுமே, "மேடம், இது இன்னாத்துக்கு எங்களுக்கு?" என்று கேட்கிறார்கள். நான் குடியாத்தத்துக்காரி. இளநிலையில் கணக்கு, முதுநிலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் சாயங்கால வேளையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லித் தருகிறேன். ஊரிசு, முத்துரங்கம், ஆக்சிலியம், டி.கே.எம். என்று எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாலும் முதல் வாரத்தில் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். தேற்றம் படித்தால் அன்றைக்கே அதை ஒரு சின்னப் புரோகிராமாக ஓட்டிப் பாருங்கள். புரோகிராம் எழுதினால், அது ஏன் சரியான விடையைத் தருகிறது என்று பேனா பிடித்து எழுதிக் காட்டுங்கள்.

கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் இதில் என்ன இருக்கிறது என்பது விளங்கும் என்பதால், ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்த்துவிடலாம்.

1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகிறதே ஹார்மோனிக் தொடர், அதை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டிக்கொண்டே போனால் எங்காவது நிற்குமா, எல்லையில்லாமல் வளருமா? சி மொழியில் ஒரு ஃபார் லூப் போதும்; ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை அது. முதல்முறை எழுதுகிற பலருக்கு எத்தனை உறுப்பு கூட்டினாலும் விடை 1 என்றே வரும். வகுபடும் 1, வகுக்கும் எண் இரண்டையும் முழு எண்ணாக எழுதியிருப்பார்கள். சி மொழி பின்னத்தை வெட்டிவிட்டு 0 என்று வைத்துக்கொள்ளும். 1 என்பதை 1.0 என்று மாற்றினால் கூட்டுத்தொகை நகரத் தொடங்கும். ஆனால் எவ்வளவு மெதுவாக! 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். 20-ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேல்.

கூட்டுத்தொகையை, பின்ன எண்களை ஓரளவு துல்லியத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளும் ஃபுளோட் வகை மாறியில் வைத்திருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். 15.4 பக்கம் போய் நின்றுவிடும். விடிய விடிய ஓட்டினாலும் அசையாது. 'தொடர் 15.4-இல் ஒருங்குகிறது', அதாவது அந்த எண்ணில் போய் நிலைக்கிறது, என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதிவிடத் தோன்றும். இந்த இடத்தில்தான் பேனா வேண்டும். 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் 1/2-க்கு மேல். 1/5 முதல் 1/8 வரை உள்ள நான்கில் எதுவும் 1/8-க்குக் குறையாது, ஆகவே அவையும் சேர்ந்து 1/2-க்கு மேல். அடுத்த எட்டு உறுப்புகள் இன்னொரு அரை. அதற்கடுத்த பதினாறு இன்னொரு அரை. இப்படி அரை அரையாகச் சேர்வதற்கு முடிவே இல்லை என்பதால் கூட்டுத்தொகைக்கும் எல்லை இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் ஒரேம் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன வாதம் இது. கால்குலேட்டர்கூடத் தேவையில்லை.

சரி, பிறகு கம்ப்யூட்டர் ஏன் நின்றது? ஃபுளோட்டின் துல்லியம் 24 பைனரி இலக்கங்கள்தான். கூட்டுத்தொகை 8-க்கும் 16-க்கும் நடுவில் இருக்கும்போது, அது வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி, 1-ஐ 2-இன் 20-ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது. 2-இன் 21-ஆம் அடுக்கு 20,97,152. அதைத் தாண்டிய உறுப்பு ஒவ்வொன்றும் அந்த இடைவெளியில் பாதிகூட இல்லை. ரவுண்டிங்கில் அப்படியே காணாமல் போகிறது. ரியல் அனாலிசிஸில் ஒரு பாடம், கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சரில் ஒரு பாடம், இரண்டும் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. இதைச் செய்து பார்த்த பிள்ளை தேர்வில் 'ஒருங்கும் தொடர், விரியும் தொடர்' கேள்விக்கு மனப்பாடத்தைத் தேட வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் தவறாமல் கணக்கிட்டாலும் நாம் ஏமாறலாம் என்பதற்கும் ஓர் உதாரணம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எந்த எண்ணைப் போட்டாலும் பகா எண்தான் வரும். புரோகிராம் நாற்பது தடவை 'பகா எண்' என்று அச்சடிக்கும். 40-ஐப் போட்டால் 1681. அது 41 பெருக்கல் 41. நாற்பது தடவை சரியாக வந்தது எதையும் நிரூபிக்கவில்லை.

இப்போது பாடத்திட்டம் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் போகிற வரிசை எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் கணக்குப் போடுவதுதான்: வகையிடல், தொகையிடல், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல். பிள்ளைகள் நல்ல மார்க் வாங்குகிறார்கள். மூன்றாம் வருடம் ரியல் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் ஒன்றாக வந்து இறங்கும்போது, 'நிரூபி' என்ற சொல்லைப் பார்த்தே அரியர் விழுகிறது. அதனால் மூன்றாம் வருடத்துக்குக் காத்திருக்காதீர்கள். முதல் செமஸ்டரிலேயே வாரத்துக்கு ஒரு நிரூபணமாவது சொந்தமாக எழுதிப் பழகுங்கள். ரூட் 2 விகிதமுறா எண், பகா எண்களுக்கு முடிவில்லை, ஒரு கணத்துக்கு எத்தனை உட்கணங்கள் என்கிற மாதிரி சின்னச் சின்னதாக இருந்தால் போதும்.

தேற்றத்தை எப்படிப் படிப்பது? உரக்க வாசித்து மனப்பாடம் செய்வது வேலைக்கு ஆகாது. ரோல் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, உள்ளே எல்லா இடத்திலும் வகையிடத்தக்கது, இரு முனைகளிலும் ஒரே மதிப்பு; அப்படியானால் உள்ளே எங்காவது வகைக்கெழு பூஜ்யம். முதலில் ஒரு படம் வரையுங்கள். அப்புறம் நிபந்தனைகளில் ஒன்றை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, தேற்றம் உடைகிறதா என்று பாருங்கள். வகையிடத்தக்கது என்பதை எடுத்தால், -1 முதல் 1 வரை மட்டு மதிப்புச் சார்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. முனைகளில் மதிப்பு ஒன்றுதான், ஆனால் வகைக்கெழு எங்கும் பூஜ்யம் ஆகவில்லை; நடுவில் கூர்முனை. மற்ற இரண்டு நிபந்தனைகளுக்கும் நீங்களே உதாரணம் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நிரூபணத்தை எழுதுங்கள். தடுக்கி நிற்கும் வரிதான் உங்களுக்குப் புரியாத வரி. அதை மட்டும் திறந்து பாருங்கள். மறுபடி மூடுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் ஆங்கிலப் புத்தகம் மலைப்பாக இருக்கும். வரையறையை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். கீழே உங்கள் தமிழில் விளக்கம் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையில் சிக்க வைப்பது ஆங்கிலம் அல்ல, 'ஒவ்வொரு', 'ஒரு' என்ற சொற்கள் வரும் வரிசை. 'ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கண்டக்டர் உண்டு' என்பதும் 'ஒரே கண்டக்டர் எல்லா பஸ்ஸுக்கும்' என்பதும் ஒன்றா? தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். எவ்வளவு தூரத்துக்குள் நகர்ந்தால் சார்பின் மதிப்பு அதிகம் மாறாது என்ற அளவுதான் டெல்டா. முதலாவதில் புள்ளிக்குப் புள்ளி டெல்டா மாறலாம். இரண்டாவதில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதும். இந்த வரிசையைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால், லூப்புக்குள் லூப் எழுதும்போதும் எது வெளியே, எது உள்ளே என்ற குழப்பம் வராது.

கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். ரெக்கார்ட் நோட்டை முன்வருடத்து அக்காவிடம் வாங்கிப் பார்த்து எழுதுவது நம் ஊர் சம்பிரதாயம். எழுதுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் மூன்று கேள்விக்கு விடை சேர்த்து எழுதுங்கள்: விடை சரியா, புரோகிராம் கட்டாயம் நிற்குமா, எவ்வளவு நேரம் ஆகும்? மீப்பெரு பொது வகுத்தி காணும் யூக்ளிட் முறை இதற்கு நல்ல ஆரம்பம். 1071-ஐ 462-ஆல் வகுத்தால் மீதி 147. 462-ஐ 147-ஆல் வகுத்தால் மீதி 21. 147-ஐ 21 மீதியின்றி வகுக்கும், ஆக விடை 21. ஏன் சரி? முதல் இரண்டு எண்களையும் வகுக்கும் எந்த எண்ணும் மீதியையும் வகுத்தாக வேண்டும். ஏன் நிற்கும்? மீதி ஒவ்வொரு தடவையும் குறைகிறது, பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. அதிகபட்சம் எத்தனை படி? அடுத்தடுத்த ஃபிபொனாச்சி எண்களை (1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டி வருபவை) கொடுத்தால்தான் அதிகம் இழுக்கும். 1844-இல் லாமே என்பவர் இதைக் காட்டினார். வைவாவில் எக்ஸ்டர்னல் இந்த மூன்றையும் தாண்டிப் பெரிதாக எதுவும் கேட்டுவிட மாட்டார்.

ரிகர்ஷன், அதாவது புரோகிராம் தன்னைத் தானே அழைப்பது, புரியவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் கணிதத் தொகுத்தறிதலைத்தான் முதலில் நடத்துகிறேன். ஒன்று புரிந்தால் மற்றது தானாக வரும்: ஒன்றுக்குச் சரி, ஒரு படிக்குச் சரியென்றால் அடுத்த படிக்கும் சரி. ஹனாய் கோபுரம் என்ற புதிரில் (பெரிய தட்டைச் சிறியதன் மேல் வைக்காமல், ஒவ்வொன்றாக வேறு கம்பிக்கு மாற்ற வேண்டும்) 10 தட்டு என்றால் 1023 நகர்த்தல் என்பதைத் தொகுத்தறிதலில் நிரூபித்துவிட்டு, புரோகிராமை எழுதிப் பாருங்கள். நிரூபணத்தின் வரிகள்தான் புரோகிராமின் வரிகள். கணிப்பு இயந்திரங்களின் மாதிரிகளைப் படிக்கும் ஆட்டோமேட்டா பேப்பரில் வரும் இலக்கண விதிகள் வறட்டுத்தனமாகத் தெரிந்தால் மார்கழி மாதம் தெருவைப் பாருங்கள். 1970-களில் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் புள்ளிக் கோலங்களை இந்த மாதிரி விதிகளால் உருவாக்கிக் காட்டி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். உங்கள் அம்மா போடும் கோலத்துக்கு விதி எழுத முயன்று பாருங்கள். சுலபமில்லை.

லேப்டாப் இல்லையே என்பது நியாயமான கவலைதான். போனில் கூகுள் கொலாப் திறந்தால் பைத்தான் ஓடும். விசைப்பலகை சிறியதாக இருப்பது எரிச்சல்தான். ஆனால் அதனாலேயே தாளில் முதலில் முழுசாக எழுதிவிட்டுத் தட்டச்சு செய்யும் பழக்கம் வரும். அது நல்லது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது; விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். ஏ.ஐ.யிடம் புரோகிராமை எழுதி வாங்குகிறவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை: மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் தாளில் விடை எழுதிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் வாங்க வேண்டிய அவசியம் இருக்காது.

நேரம்? வேலூர் வெயிலில் மதியம் உட்கார்ந்து அல்ஜீப்ரா படிக்க முடியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஏப்ரல் தேர்வுக்கு விடியற்காலை நிரூபணம், மதியம் கை வேலையான கணக்குகள், ராத்திரி புரோகிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் போகிற வழியில் புத்தகம் திறக்க வேண்டாம். முந்தின நாள் நிரூபணத்தை மனசுக்குள் முதல் வரியிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நெரிசலில் நின்றுகொண்டும் செய்யலாம்.

ஜெராக்ஸ் கடையில் விற்கும் 'முக்கியக் கேள்விகள்' கட்டு பாஸ் பண்ண உதவும். 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வு, 25 இன்டர்னல் என்கிற கணக்கில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. கடைசி பத்து நாள் அதைப் பாருங்கள், முதல் மூன்று மாதம் வேண்டாம். நல்ல வகுப்பு கிடைக்காத பாடத்துக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணைய வகுப்புத் தளமான என்பிடெல் இருக்கிறது. சென்னை கணிதவியல் நிறுவனத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானில் அல்காரிதம் நடத்தும் வகுப்புகள் அதில் இலவசம். ஒரு வாரப் பாடத்தைப் பார்த்தால் அந்த வாரப் பயிற்சியையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். வீடியோவை மட்டும் பார்ப்பது சீரியல் பார்ப்பது போலத்தான்.

மேற்படிப்புக்கு எம்.சி.ஏ.தான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வான டான்செட் எழுதலாம். ஆனால் கணக்கு பி.எஸ்சி. முடித்தவர்கள் ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வும் எழுதலாம். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் முந்தின வருடம் செப்டம்பர் வாக்கிலேயே வந்துவிடும். இரண்டாம் வருடக் கோடையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். 1993 முதல் நடக்கிறது, நிரூபணத்தைக் கேள்வி கேட்டுக் கேட்டே சொல்லித் தருகிறார்கள். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் உண்டு. வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் அவர்களிடம் சொல்லி வையுங்கள். முதுநிலைக்கு நீங்களே போகலாம். அங்கே எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் நுழைவுத் தேர்வில் கேட்பது டிஸ்கிரீட் மேத்ஸ், ஆட்டோமேட்டா, அல்காரிதம். பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்தில் கிடைக்கின்றன. இரண்டாம் வருட விடுமுறையில் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, கடிகாரம் பார்க்காமல், கேள்விக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு போடுங்கள்.