ஒப்பந்தக் கல்யாணக் கதை: கிறிஸ்தவக் காதல் நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு

காதலே இல்லாமல், ஏதோ ஒரு தேவைக்காக இருவர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். காதல் பின்னால் வருகிறது. ஆன்லைனில் நாவல் படிப்பவர்களுக்கு 'காண்ட்ராக்ட் மேரேஜ்' என்றால் போதும். கிறிஸ்தவக் காதல் நாவல்களில் இது பழகிய சரக்குதான். 1979இல் ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'யில், கணவனை இழந்த ஒரு பெண் தாயில்லாக் குழந்தையோடு நிற்கும் ஒருவரை மணக்கிறாள். அது குதிரைவண்டிக் காலத்துக் கதை. அதையே இன்றைய அமெரிக்காவில் வைத்து எழுதும்போதுதான் கை தடுமாறும்.

படி 1: நம்பும்படியான காரணம்

அன்றைக்குக் குளிர்காலத்தைத் தனியாகத் தாண்ட முடியாது என்றாலே போதும். இன்றைய நாயகிக்கு வேலை, கார் எல்லாம் இருக்கிறது. 'இவளுக்கு வேறு வழியே இல்லையா?' என்று வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே கேட்டுவிடுவார்.

'கல்யாணம் செய்தால்தான் சொத்து' என்னும் தாத்தாவின் உயில் வேண்டாம், புளித்துவிட்டது. கிரீன் கார்டையும் யோசித்துத் தொடுங்கள். குடியேற்றச் சட்டத்தை ஏய்ப்பதற்கென்றே கல்யாணம் செய்தால் அங்கே 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதோடு நாயகி அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டிவரும். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்' என்ற பைபிள் வசனம் (மத்தேயு 5:37) தெரிந்த வாசகர் அதை லேசில் விடமாட்டார்.

எனக்குப் பிடித்த காரணம் மருத்துவக் காப்பீடு. அங்கே பலருக்கு அது வேலை வழியாகத்தான் கிடைக்கிறது. கல்யாணம் ஆனதும் துணையைத் தன் நிறுவனத் திட்டத்தில் சேர்க்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. என் கதையில் ஹேனா அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறாள், காப்பீடு இருப்பது அவள் பழைய நண்பன் கேலெப்பிடம். யாரிடமும் பொய் சொல்லவில்லை, கதைக்குக் கெடுவும் கிடைத்துவிட்டது.

படி 2: வாக்குறுதி

இங்கே நிதானமாக எழுதுங்கள். மற்ற காதல் கதைகளில் 'ஒரு வருஷம், அப்புறம் பிரிந்துவிடலாம்' என்பது சுவாரசியமான நிபந்தனை. இந்த வகையில் அதுவே பாவமாகிவிடலாம். பைபிளில் மல்கியா 2:14 மனைவியை உடன்படிக்கையின் மனைவி என்கிறது; உடன்படிக்கை என்றால் கடவுளைச் சாட்சியாக வைத்துக் கொடுத்த வாக்கு. ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி போடலாம், உடன்படிக்கைக்குப் போட முடியாது. முழு நாவலும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

என் முதல் வரைவில் பதிவாளர் முன்னால் கையெழுத்து வாங்கித் தப்பிக்கப் பார்த்தேன். கதை சப்பென்று போய்விட்டது. போதகர் முன்னால் நிறுத்தியபோது இப்படி வந்தது:

*"மரணம் நம்மைப் பிரிக்கும்வரை" என்று போதகர் சொல்லிக்கொடுத்தார். கேலெப் தடங்கல் இல்லாமல் சொன்னான். ஹேனாவுக்கு 'மரணம்' வரைதான் வந்தது. கேலெப் அவள் விரல்களைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினான், போவதானால் போ என்பதுபோல. அவள் மீதியையும் சொன்னாள்.*

காதல் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிட்டது.

படி 3: ஒரே வீடு, இரண்டு அறை

ஒரு வேடிக்கை. இந்த வகைக் கதைகளில் மற்ற ஜோடிகள் நெருங்குவதற்குக் கல்யாணம் ஆகாததுதான் தடை. இவர்களுக்கு ஆகிவிட்டது! 1 கொரிந்தியர் 7 தம்பதிகள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி இருக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அதனால் விலகி இருப்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வேண்டும்: பயம், பழைய காயம், 'அவள் கேட்காமல் தொடமாட்டேன்' என்ற அவனுடைய தீர்மானம். வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகளை இந்த வகை வாசகர்கள் எதிர்பார்ப்பதில்லை. மருந்து அட்டையில் நேரம் எழுதிவைப்பது, அவளுக்கு மட்டும் உப்பில்லாமல் சமைப்பது போன்றவற்றில் நெருக்கத்தைக் காட்டுங்கள்.

படி 4: விசுவாசம்

பிரசங்கம் வேண்டாம். ஒருவருக்கு விசுவாசம் இல்லையென்றால், துணைக்காக மனம் மாறுவதாக மட்டும் எழுதாதீர்கள். அந்த மாற்றம் அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் தனியாக நடக்கட்டும்.

படி 5: காரணத்தைப் பிடுங்குங்கள்

கதையில் முக்கால்வாசி போனதும் முதல் படியில் வைத்த தேவையைத் தீர்த்துவிடுங்கள். ஹேனா குணமாகிறாள், காப்பீட்டோடு வேலையும் கிடைக்கிறது. கேலெப் அவளைத் தன் திட்டத்திலிருந்து நீக்கும் படிவத்தைத் தன் பெயர்வரை நிரப்பி மேஜையில் வைக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. இனி அவள் இருந்தால் அது வாக்குறுதிக்காகத்தான். அடுத்த அத்தியாயத்தை அந்தப் படிவம் கிடக்கும் மேஜையிலிருந்தே தொடங்குங்கள்.