சென்னையில் நடிகர்களைப் பார்க்க ஆசையா? போயஸ் கார்டனில் ஆரம்பிக்காதீர்கள்

ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு என்று சொன்னதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "அங்க யாரையாவது பார்க்கலாமா?" யாரையாவது என்றால் பாட்டியை இல்லை, உங்களுக்கே புரியும். சென்னையில் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் என் சித்தியிடம் கேட்டால் சிரிப்பார். அவர் நேரில் பார்த்த நட்சத்திரங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அதிலும் ஒருவர் தேர்தல் பிரசார வேனில் கையசைத்துக்கொண்டே போனவர். லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் நாம் நட்சத்திர இரவுகளிலும் நகைக்கடைத் திறப்பு விழாக்களிலும் பார்த்திருப்பது இதைவிட அதிகம் என்பதுதான் வேடிக்கை.

அதனால் வீட்டு வாசல் யாத்திரை வேண்டாம். ரஜினி வீடு போயஸ் கார்டனில் இருப்பது எல்லா ஆட்டோக்காரருக்கும் தெரியும், கொண்டுபோய் இறக்கியும் விடுவார்கள், ஆனால் நீங்கள் பார்க்கப்போவது ஒரு மூடிய கேட்டையும் காவலுக்கு நிற்பவரையும்தான். அவருடைய பிறந்தநாளான டிசம்பர் 12, தீபாவளி, பொங்கல் என்று சில நாட்களில் ரசிகர்கள் கூடுவார்கள், அவர் ஊரில் இருந்தால் வெளியே வந்து கும்பிடுவதும் உண்டு. அந்த நெரிசலில் கைக்குழந்தையோடு போய் நிற்காதீர்கள்.

அடுத்த தவறு கோடம்பாக்கம். சினிமா என்றால் கோடம்பாக்கம் என்று நம் தலைமுறைக்கு மனதில் பதிந்துவிட்டது, இன்று அது பெரும்பாலும் ஒரு ரயில் நிலையத்தின் பெயர். ஏவி.எம். ஸ்டுடியோ வாசலில் அந்த உலக உருண்டையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் வைத்து ஒரு அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள், அப்பாவை அழைத்துப் போனால் அரை நாள் வெளியே வரமாட்டார். ஆனால் பெரிய படங்களின் படப்பிடிப்பு ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்கோ, பூந்தமல்லி தாண்டி ஈவிபி ஃபிலிம் சிட்டி பக்கமோ, ஈசிஆர் பங்களாக்களுக்கோ போய்விடுகிறது. இந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருப்பது சாலிகிராமம், வடபழனியின் டப்பிங், எடிட்டிங் வேலைகள்தான். அங்கே டீக்கடையில் நிற்கும் நாலு பேரில் இரண்டு பேர் உதவி இயக்குநராக இருப்பார்கள். டப்பிங் பேச வரும் குணச்சித்திர நடிகர்கள் அந்தத் தெருக்களில் சாதாரணமாக நடந்து போவார்கள், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

தெருவில் படப்பிடிப்பு நடந்தால் எப்படித் தெரியும்? முதலில் ஜெனரேட்டர் வண்டியின் சத்தம், பிறகு வரிசையாக வேன்கள், ஜன்னல் மூடிய கேரவன், தட்டில் டீ கிளாஸ் அடுக்கிக்கொண்டு ஓடும் ஒரு பையன். நின்று பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் போனை உயர்த்தினால் யூனிட் ஆட்கள் பாய்ந்து வருவார்கள், படம் வெளியே கசிந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. ஒன்று சொல்லிவிடுகிறேன், படப்பிடிப்பு பார்ப்பது பயங்கர போர். நாயகன் கார் கதவைத் திறப்பதையே ஒரு மணி நேரம் எடுப்பார்கள்.

பட ரிலீஸ் நேரத்தில் போகிறீர்களா? முதல் நாள் முதல் காட்சிக்குக் கோயம்பேடு ரோகிணி, அசோக் நகர் காசி, குரோம்பேட்டை வெற்றி ஆகியவற்றில் ஒன்றைப் பிடியுங்கள், ரசிகர்களோடு உட்கார்ந்து பார்க்க இயக்குநரோ நடிகரோ வருவது இந்த மாதிரி தியேட்டர்களுக்குத்தான். விடியற்காலை நாலு மணிக் காட்சியெல்லாம் பழைய கதை. 2023 ஜனவரியில் ஒரு ரசிகர் கொண்டாட்டத்தில் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. டிக்கெட் போட வெளிநாட்டுக் கார்டு சில நேரம் வேலை செய்யாது, யுபிஐ வைத்திருக்கும் மச்சானைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய உள்ள காலம்தான் இதற்குச் சரி. மார்கழியில் மியூசிக் அகாடமியில் காலை 8 மணிக்கு நடக்கும் விளக்கவுரைகளுக்குப் போனால், மாலையில் மேடையில் பார்க்க டிக்கெட் கிடைக்காத வித்வான்கள் உங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள். சபா கேன்டீனில் இன்னும் சுலபம், பக்கத்து இலையில் யார் என்று நிமிர்ந்து பார்த்தால் தெரியும். அப்புறம் புத்தகக் கண்காட்சி, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில். போன முறை நான் பதின்மூன்று வயதிலிருந்து படிக்கும் ஒரு எழுத்தாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டினேன், "எந்த ஊரு?" என்றார், சொன்னேன், "அங்க இப்ப குளிரா?" என்றார், பேச்சு ஓடியது, கடைசியில் பொட்டலத்தையும் என் பக்கம் நகர்த்தினார். சினிமாக்காரர்களிடம் இது நடக்காது.

உத்தரவாதமாக ஏதாவது வேண்டுமா, தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கிறது, பாடம் செய்து வைத்த சிங்கத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இரண்டு நாள் அதையே பேசுவார்கள். அடையாறில் சிவாஜி மணிமண்டபம்.

ஷூட்டிங் காட்டுகிறேன், ஹீரோவோடு போட்டோ எடுத்துத் தருகிறேன், உங்கள் பெண்ணுக்கு ஒரு சீன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுத் தமிழர் என்று தெரிந்தால் தொகை ஏறும்.

யாராவது எதிரே வந்துவிட்டால், "வணக்கம் சார், வெளியூரிலிருந்து வந்திருக்கிறோம், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" போதும். சாப்பிடும்போது, கோயில் சன்னதியில், குடும்பத்தோடு இருக்கும்போது கேட்காதீர்கள். போன டிசம்பரில் மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நூறு படத்தில் அப்பாவாக நடித்தவர், கையில் மருந்துச் சீட்டு, முகத்தில் களைப்பு. போட்டோ கேட்க மனம் வரவில்லை. பணம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் என் மகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார், "என்ன பாப்பா, ஸ்கூல் இல்லையா?" என்று அதே படக் குரலில் அதட்டிவிட்டுப் போனார்.