காவிரிக் கரையில் சைக்கிள்: முதலில் மேற்கே மிதியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை, திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை போகும் சாலையில் விடியற்காலையிலேயே மேற்கு நோக்கிக் கிளம்புங்கள். தென்மேற்குக் காற்று அந்நேரம் தணிந்திருக்கும், வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். போகும்போது சூரியன் முதுகுப் பக்கம். கால் ஓய்ந்து திரும்பும்போது காற்றே தள்ளிவிடும், அந்தச் சுகமே தனி.

அக்டோபர் கடைசியில் காற்று வடகிழக்குக்கு மாறியதும் இந்தக் கணக்கு செல்லாது. நாகப்பட்டினம் பக்கமும் செல்லாது. அங்கே பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எதிரே அடிக்கும்.

குறுவை அறுவடை நேரத்தில் சாலையில் வைக்கோல் காயும். அதன்மேல் ஓட்டாமல் இறங்கித் தள்ளுங்கள். பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலில் நாலு இழை சுற்றினாலே செயின் நழுவும். சிக்கிவிட்டால், பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றி, நிறுத்திவிட்டு இழையை உருவுங்கள்.