திருகோணமலையில் வயல் செய்ய வந்திருக்கிறீர்களா? துவக்கு (துப்பாக்கி) அனுமதி பற்றிக் கொஞ்சம்

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்து தம்பலகாமம், குச்சவெளி, மூதூர்ப் பக்கம் காணி துப்புரவாக்கி முதல் போகம் விதைத்தவர்கள் அடிக்கடி கேட்பது இது: "பன்றி எல்லாத்தையும் அழிக்குது. ஒரு துவக்கு எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் அக்கரையில் கேள்விப்பட்ட நடைமுறையை வைத்துக்கொண்டு அலையாதீர்கள். அங்கே கலெக்டர் ஆபீஸ் என்பது இங்கே மாவட்டச் செயலகம். சனத்தின் வாயில் இன்னும் கச்சேரிதான். இந்தியாவில் லைசென்ஸ் 5 வருடம் ஓடும். இங்கே டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். சட்டம் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பழையதுதானே என்று இருந்துவிடாதீர்கள், 1996 இல் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியிருக்கிறார்கள்.

பயிரைக் காக்கவென்றால் மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பம். உயிருக்குப் பயம், தற்பாதுகாப்பு என்றால் அது கொழும்பில் பாதுகாப்பு அமைச்சின் விஷயம். அப்படிக் கொடுத்த துவக்குகளையே 2024 இல் மீளாய்வுக்கென்று திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். அந்தப் பாதையை மறந்துவிடலாம்.

பயிர் விண்ணப்பம் கிராம சேவகரில் தொடங்கி, பிரதேச செயலகம், பொலிஸ் அறிக்கை என்று நகரும். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது காணிப் பத்திரத்தில். வயல் உங்களுடையது என்று காட்ட வேண்டும், உறுதியோ இன்னும் தாத்தாவின் பெயரில், அதுவும் இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். முதலில் காணியைச் சரிப்படுத்துங்கள். துவக்கு அப்புறம்.

இன்னொன்று, அனுமதி ஆளுக்கு, வீட்டுக்கு அல்ல. என் பெரியப்பா செத்த பிறகு அவருடைய துவக்கு மூன்று மாதம் அலுமாரிக்குள் கிடந்தது. "அப்பான்ட சாமான்தானே" என்று மகன் நினைத்துவிட்டான். பிறகு பொலிசில் நின்று விளக்கம் சொல்லி வெளியே வர அவன் பட்ட பாடு! வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் உடனே அறிவித்து ஒப்படையுங்கள்.

துவக்கு கிடைக்கத் தாமதமாகும்போது பக்கத்து வயல்காரர் ஒருவர் ஊரில் செய்த, குழாய் வழியே மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கு பற்றியோ கட்டுத்துவக்கு பற்றியோ காதுக்குள் சொல்லுவார். அப்படிக் காதுக்குள் சொல்லிக் கைமாறும் இடியனுக்கு அனுமதி இருக்காது, பிடிபட்டால் நீங்கள்தான் நீதிமன்றத்தில் நிற்பீர்கள். கட்டுத்துவக்கு அதைவிட மோசம். பன்றி வரும் பாதையில், தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும்படி கட்டி வைப்பது, விறகு பொறுக்கப் போகிறவரின் காலில் வெடிக்கும். எனக்கு இதில் இரண்டாம் பேச்சே இல்லை. அனுமதியுள்ள துவக்கு கையில் இருந்தாலும் யானைக்கு நீட்ட முடியாது, அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. யானை வந்தால் வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும், சத்தத்தால் விரட்டும் யானைவெடிதான்.

கிணறு இறைக்கும்போதோ வேலிக்குக் குழி தோண்டும்போதோ யுத்த காலத்துத் துருப்பிடித்த சன்னங்கள் (துவக்குத் தோட்டாக்கள்), சில இடங்களில் ஷெல் கூட, வெளியே வரும். அனுமதியில்லாமல் சன்னம் வைத்திருப்பதும் குற்றம்தான். பிள்ளைகள் விளையாட எடுத்து வைத்துக்கொள்ள விடாதீர்கள். எடுத்துப் பார்க்கவும் வேண்டாம், வேறிடத்தில் எறியவும் வேண்டாம். எட்டத்தில் ஒரு தடியை நட்டுச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு 119 க்கு அழையுங்கள்.