வாடிக்கையாளரிடம் முதலில் என்ன கேட்பது?

மென்பொருள் உருவாக்கி விற்க நினைத்தால், ஒரு வரி நிரல் (code) எழுதும் முன், ஒரே வகைத் தொழிலில் இருக்கும் 10 முதல் 15 பேரிடம் தனித்தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். "இப்படி ஒரு ஆப் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லப் பலரும் தயங்குவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் பல மாத உழைப்பு வீணாகிறது. நடந்ததைக் கேளுங்கள்: இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது, அன்று என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரமும் பணமும் போனது? எக்செல் தாளிலோ நோட்டிலோ ஏற்கெனவே ஏதாவது வழி செய்து வைத்திருப்பவர்தான் உண்மையிலேயே அவதிப்படுபவர். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எதையுமே செய்து பார்க்காதவர் காசு கொடுப்பது அரிது.

பாதிப் பேராவது ஒரே சிக்கலைச் சொன்னால், 3 பேருக்கு அந்த வேலையைக் கையாலேயே செய்துகொடுத்துக் கட்டணம் வாங்குங்கள். எந்தப் படி அதிக நேரம் தின்கிறதோ, அதை மட்டும் முதலில் மென்பொருளாக்குங்கள்.