ருட்ச்மனா, ரோட்ரிகஸா? வேறு வேறு இடத்தில் ஆடும் இரண்டு இளம் வீரர்களை எடைபோடுவது எப்படி

பேஸ்பாலில் யார் பெரிய ஆள் என்ற பேச்சு வந்தாலே நம் ஆட்கள் நேரே ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) கணக்குக்குப் போய்விடுவார்கள். இருவரும் ஒரே இடத்தில் ஆடினால் அது ஓரளவு ஒப்பேறும். ஒருவர் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), இன்னொருவர் சென்டர் ஃபீல்டர் (வெளிமைதானத்தின் நடுவில் நிற்பவர்) என்றால் ஒப்பேறாது. நான் எப்படிப் பார்ப்பேன் என்பதை 2022 அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) புதுமுக விருதுப் போட்டியை வைத்தே சொல்கிறேன். சியாட்டில் மரினர்ஸின் சென்டர் ஃபீல்டர் ஹூலியோ ரோட்ரிகஸுக்கு அப்போது 21 வயது, பால்டிமோர் ஓரியோல்ஸின் கேட்சர் ஆட்லி ருட்ச்மனுக்கு 24. முப்பது முதலிட வாக்குகளில் 29 ரோட்ரிகஸுக்கு, ஒன்றே ஒன்று ருட்ச்மனுக்கு. இடைவெளி அவ்வளவு பெரிதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பேட்டிங்கிலிருந்து தொடங்குங்கள், ஆனால் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். ரோட்ரிகஸ் சராசரி .284, 28 ஹோம் ரன், 25 ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). ருட்ச்மன் .254, 13 ஹோம் ரன். இதோடு மூடி வைத்தால் பேச்சே இல்லை. அடுத்த கட்டத்தைப் பாருங்கள்: பேஸை எட்டிய விகிதத்தில் ருட்ச்மன் .362, ரோட்ரிகஸ் .345. ருட்ச்மன் 470 முறை பேட் பிடித்து 65 வாக் (நான்கு தப்புப் பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கியிருக்கிறார். ரோட்ரிகஸ் 560 முறை வந்து 40 தான். அடியின் வலுவில், அதாவது ஒரு முறை பேட்டிங்குக்கு அடித்து எடுத்த பேஸ் எத்தனை என்பதில், ரோட்ரிகஸ் முந்துகிறார் (.509-க்கு .445), அதனால் பேட்டிங் மொத்தத்தில் அவர் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் சராசரி காட்டும் முப்பது புள்ளி வித்தியாசம் பாதிக் கதைதான். மைதானத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். பால்டிமோர் 2022-ல்தான் இடப்பக்கச் சுவரைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்தியது. சியாட்டில் மைதானமும் பேட்டர்களுக்கு இரக்கம் காட்டாது. மைதானத்தைச் சரிக்கட்டி, 100-ஐச் சராசரியாக வைக்கும் டபிள்யூஆர்சி பிளஸ் என்ற பேட்டிங் எண் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் இந்த வேலை மிச்சம்.

இனி ஆடும் இடம். ஒருவரின் பேட்டை மற்றவரின் பேட்டோடு மோதவிடாதீர்கள். அவரவர் இடத்தில் சாதாரண ஆள் என்ன தருவார் என்பதோடு வைத்துப் பாருங்கள். கிரிக்கெட்டில் கீப்பர் அடிக்கும் ஐம்பதை நாம் தனியாக மெச்சுகிறோமே, அந்தக் கணக்குதான். ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம் இதற்கு ரன்னிலேயே விலை வைத்திருக்கிறது: 162 ஆட்டம் கொண்ட முழு சீசனுக்குக் கேட்சருக்கு 12.5 ரன் கூட்டல், ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) 7.5, சென்டர் ஃபீல்டருக்கு 2.5. ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவருக்கு 12.5 கழித்தல், வெறும் பேட்டராக வரும் டிஎச்சுக்கு 17.5 கழித்தல். தோராயமாகப் பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி. ஆக, முழு சீசனும் நின்றால் கேட்சருக்குச் சென்டர் ஃபீல்டரைவிட ஒரு வெற்றி முன்கூட்டியே கையில்.

ஆனால் எந்தக் கேட்சரும் முழு சீசன் நிற்பதில்லை. முட்டி தாங்காது. மே 21-ல்தான் அறிமுகமான ருட்ச்மன் அந்த ஆண்டு ஆடியது 113 ஆட்டம், அதிலும் சில நாள் டிஎச். அந்த நாட்களுக்குக் கூட்டல் கிடையாது, கழித்தல்தான். எனவே இன்னிங்ஸ் கணக்கைப் பார்க்காமல் 12.5-ஐ அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். ரோட்ரிகஸ் 132 ஆட்டம் ஆடினார்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வார் (WAR) எண்ணை, அதாவது எளிதில் கிடைக்கும் மாற்று ஆளைவிட ஒருவர் கூடுதலாகத் தரும் வெற்றிக் கணக்கை, பார்க்கும்போது எந்தத் தளத்தின் எண் என்று கேளுங்கள். ஓரத்தில் வரும் பந்தை ஸ்டிரைக்காக (அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்த பந்தாக) காட்டிப் பிடிக்கும் ஃபிரேமிங் வித்தையை ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் சேர்க்கிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இன்னொரு தளம் சேர்ப்பதில்லை. முதல் தளத்தில் 2022-ல் இருவரும் கிட்டத்தட்ட சமம், இரண்டாவதில் ரோட்ரிகஸ் மேலே. ஒருவருக்கு ஒரு தளம், மற்றவருக்கு இன்னொரு தளம் என்று எடுத்துப் போட்டால் நினைத்த ஆளை ஜெயிக்க வைக்கலாம். என் அக்கா மகன் இதைத்தான் செய்வான், கேட்டால் சிரிப்பான். ஃபீல்டிங் எண்களை ஒரு சீசனை வைத்து நம்பவும் வேண்டாம். மூன்று சீசனாவது சேரட்டும்.

அடுத்தது வரப்போகும் ஆண்டுகள். இங்கே நான் கேட்சர்களிடம் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போஸி 2011-ல் ஹோம் பிளேட்டில் ஓடி வந்தவரோடு நடந்த மோதலில் காலை உடைத்துக்கொண்டார், 34 வயதில் ஓய்வு பெற்றார். மினசோட்டா கேட்சர் ஜோ மவர் 2013-ல் தலையில் அடிபட்ட பிறகு ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாறினார். அதே பேட்தான், ஆனால் கூட்டல் 12.5 கழித்தல் 12.5 ஆகிவிட்டது, வருடத்துக்கு 25 ரன், அதாவது இரண்டரை வெற்றி காற்றில் போயிற்று. சென்டர் ஃபீல்டர் வேகம் குறைந்து ஓரத்துக்கு நகர்ந்தால் போவது பத்து ரன்தான். மூன்று வயது இளையவர் என்பதும் ரோட்ரிகஸ் பக்கம்.

பணம். ஆறு ஆண்டு சேவை முடியும்வரை வீரர் கிளப்பின் பிடியில்தான். மே மாதம் வந்த ருட்ச்மனுக்கு 2022 முழு ஆண்டாகியிருக்காது; புதுமுக வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்ததால் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான புதிய ஒப்பந்த விதிப்படி முழு ஆண்டாக எண்ணப்பட்டது. பால்டிமோருக்கு ஒரு வருடம் நஷ்டம். ரோட்ரிகஸோ அந்த ஆகஸ்டிலேயே உறுதித் தொகை 20.93 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். எல்லாம் கூடி வந்தால் அது 47 கோடி வரை போகும்.

ஒரே ஒரு சீசனுக்கு ஆள் வேண்டும், கேட்சர் இடம் காலி என்றால் 2022-ன் ருட்ச்மனை எடுப்பேன். பத்து வருடத்துக்கு என்றால் யோசிக்காமல் ரோட்ரிகஸ். 2023-லும் 2025-லும் அவர் 30 ஹோம் ரன், 30 ஸ்டீல் இரண்டையும் எட்டிவிட்டார். இனி கேட்சரை எடைபோடுபவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: 2026 முதல் பந்து ஸ்டிரைக்கா என்பதைக் கருவியிடம் முறையிடலாம், ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு, முறையீடு சரியானால் வாய்ப்பு கையிலேயே இருக்கும். ஃபிரேமிங்கின் மதிப்பு கொஞ்சம் இறங்கலாம்; எப்போது முறையிடுவது என்று தெரிந்த கேட்சருக்கு அது வேறு வழியில் திரும்பியும் வரலாம்.