"வாயுதான்" என்று சொல்லிக் கடத்தும் நேரம்

என் பெரியம்மாவுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்த பிறகும் ரவிக்கையின் முதுகுப்பக்கம் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. தாடை இழுக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். வீட்டிலிருந்த அத்தனை பேரும் "வாயுதான்" என்றோம். ஓமத்தண்ணீர் கொடுத்தோம், முதுகில் தைலம் தேய்த்தோம். ஒன்றரை மணி நேரம் போனது. அது மாரடைப்பு.

அவருக்கு அப்போது 58 வயது, பதினைந்து வருடச் சர்க்கரை. நாள்பட்ட சர்க்கரை நரம்புகளை மழுங்கடித்துவிடும் என்பதால் வலி தெரியாமலே மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சுவாங்கல், குளிர்ந்த வியர்வை, மேல்வயிற்று எரிச்சல், காரணமில்லாத அசதி என்று வருவது உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று காத்திருப்பது முதல் தவறு.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உள்சுவரில் கொழுப்பு பல வருடங்களாகச் சத்தமில்லாமல் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்மூடி கிழிய, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. அந்த நிமிடத்திலிருந்து தசை சாக ஆரம்பிக்கிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை. நாங்கள் தைலம் தேய்த்தது அந்த நேரத்தில்தான்.

அப்புறம் பக்கத்து கிளினிக்குக்குப் போனோம், அதுவும் பைக்கில், இருவருக்கு நடுவே உட்கார வைத்து. ஒரே ஒரு இ.சி.ஜி. எடுத்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆரம்பத்தில் எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருந்து, கொஞ்ச நேரம் கழித்து மாற்றம் காட்டுவது சாதாரணம். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறவும் சில மணி நேரம் ஆகும். "இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க டாக்டர், ட்ரோபோனினும் பார்த்திடலாமா?" என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் தயங்காமல் கேளுங்கள்.

சாயங்காலம் மறுபடி வியர்த்தபோதுதான் 108-ஐக் கூப்பிட்டோம். காலையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். இப்போது தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 2023 ஜூனிலிருந்து 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 8 என மொத்தம் 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தரும் 'நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை' மட்டும் வேண்டாம். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் ஆள் மயங்கி விழலாம். ஆண்மைக்குறைவு மாத்திரை போட்டவருக்கு உயிருக்கே ஆபத்து.

பெரியம்மாவுக்கு ஆஞ்சியோ செய்து, அடைத்த குழாயைத் திறந்துவைக்கும் சின்னக் கம்பிவலையான ஸ்டென்ட் வைத்தார்கள். "அடைப்பு எடுத்தாச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று ஊர் முழுக்கச் சொன்னோம். ஸ்டென்ட் திறந்துவைப்பது ஒரு இடத்தை. கொழுப்புப் படிவு மற்ற குழாய்களிலும் இருக்கிறது. மூன்றாம் மாதம் பல் பிடுங்கப் போனவர், ரத்தம் நிற்காது என்று பயந்து, யாரையும் கேட்காமல் குளோபிடோக்ரெலை நிறுத்தியிருந்தார். அலமாரியில் பிரிக்காத அட்டை ஒன்று கிடந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. மாரடைப்புக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். பல்லோ கண்ணோ, எந்தச் சிகிச்சையானாலும் முதலில் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான். ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறதென்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். மாரடைப்பு வந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். 55-க்குக் கீழே வேண்டும் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் இறுக்கம், நின்றால் சரியாகிவிடுகிறது, மாதக்கணக்கில் அதே அளவில்தான் இருக்கிறது என்பவருக்கு 'நாளைக்கே ஸ்டென்ட்' என்ற அவசரம் பெரும்பாலும் இல்லை. 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்ததால் இறப்பு குறையவில்லை, வலி குறைந்தது. இடப்பக்க முதன்மைக் குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்பிங் மிகவும் குறைவு என்றால் கதை வேறு. ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தால், அல்லது வலி அடிக்கடி வர ஆரம்பித்தால், அன்றைக்கே ஓட வேண்டியதுதான்.

ஒல்லியாக இருக்கிறேன், ஒரு நாளைக்கு ரெண்டே சிகரெட்தான் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள்ளோ அம்மா, அக்கா, தங்கைக்கு 65-க்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பெரியம்மா மகனுக்கு, என் அண்ணனுக்கு, 36 வயது, தொப்பையே இல்லை. இழுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதனை செய்ததில் எல்.டி.எல். 168.